பக்கவாதம்: எந்த வகை, எப்படிக் கண்டுகொள்வது?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் பெரும்பாலானோர் அதைப் பற்றித் தேடிப் படிக்கிறார்கள். வருவதற்கு முன்பே ஒருமுறை படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் எழுதியது இது. உறவினர்கள் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் பக்கத்தில் யாருக்காவது வாய் கோணி, பேச்சுக் குழறுகிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மீதியை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

பக்கவாதத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது திடீரென்று நின்றுபோகிறது. அல்லது ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமித்து வைத்துச் செலவழிக்கும் வசதியும் அதற்குக் கிடையாது. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் 2006-இல் கணக்கிட்டார். மருத்துவர்கள் ஏன் இப்படி விரட்டுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிறது. வலது பாதி இடது பக்கத்தை. பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது பாதியில் இருப்பதால், வலது கை கால் விழும்போது பேச்சும் சேர்ந்து போவதை அடிக்கடி பார்க்கிறோம்.

எத்தனை வகை இருக்கிறது?

பெரிய பிரிவு இரண்டு: அடைப்பு, கசிவு. உலகெங்கும் அடைப்பால் வருவதுதான் அதிகம். கசிவில் மறுபடி இரண்டு உண்டு. மூளைத் திசுவுக்குள்ளேயே ரத்தம் கசிவது ஒன்று. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கு அடியில் ரத்தம் பரவுவது இன்னொன்று. இவை தவிர, வந்த வேகத்தில் மறைந்துவிடும் தற்காலிகத் தாக்கு இருக்கிறது. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துச்செல்லும் சிரைகளில் வரும் அடைப்பும் இருக்கிறது. இது அபூர்வம் என்பதால் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

பார்த்த மாத்திரத்தில் எந்த வகை என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவராலும் ஸ்கேன் எடுக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கடுமையான தலைவலி, வாந்தி, வேகமாக மங்கும் நினைவு ஆகியவை கசிவாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தரும். வலியே இல்லாமல் கை கால் விழுந்தால் அடைப்பாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் தலைவலி இல்லாத கசிவும் உண்டு, தலைவலியோடு வரும் அடைப்பும் உண்டு. வகையைக் கண்டுபிடிப்பது வீட்டிலிருப்பவர்களின் வேலை இல்லை. பக்கவாதமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வைப்பதும்தான் அவர்கள் வேலை. அந்த இரண்டையும் மருத்துவரால் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் அங்கே இல்லை.

வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

சிரிக்கச் சொல்லுங்கள், வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடி, பத்து விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மெல்லக் கீழே சரிகிறதா, உள்ளங்கை தானாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். அவருக்கே தெரியாமல் இது நடக்கும். கண்ணை மூடச் சொல்வது அதனால்தான். அப்புறம் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வைத்துப் பாருங்கள். குழறினாலோ வார்த்தை மாறி வந்தாலோ வார்த்தையே வராமல் போனாலோ அது அடையாளம்தான். முகம், கை, பேச்சு மூன்றில் ஒன்று புதிதாகத் திடீரென்று கெட்டிருந்தாலே போதும். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இவற்றோடு நடையில் திடீர்த் தள்ளாட்டத்தையும், திடீர்ப் பார்வைக் குறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான சொல் ‘திடீர்’. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும் பலவீனம் பெரும்பாலும் வேறு விஷயம்.

கை கால் விழாமலேயே பக்கவாதம் வருமா?

வரும். தவறவிடப்படுபவை பெரும்பாலும் இந்த வகையே என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூளையின் பின்பகுதிக்கும் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் தரும் குழாய்கள் கழுத்தெலும்புகளின் வழியாக மேலே போகின்றன. அங்கே அடைப்பு வந்தால் உலகமே சுற்றும், வாந்தி வரும், ஒன்று இரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, குரல் மாறும். கையும் காலும் கட்டிலில் படுத்திருக்கும்போது நன்றாகத்தான் அசையும். எழுந்து நிற்கச் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்வார். காதுக் கோளாறு, பித்தம், வெயில் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். சாதாரணத் தலைச்சுற்றலில் சிரமப்பட்டாவது நடக்க முடியும். பிடித்துக்கொள்ளாமல் உட்காரவோ நிற்கவோ முடியாத அளவுக்குத் திடீர்த் தலைச்சுற்றல் வந்தால், அது காதுதான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று பேச்சில் மட்டும் தெரிவது. பேச்சை உருவாக்கும் இடம் பாதிக்கப்பட்டால், நீங்கள் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வார்த்தை வராது. பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் விவரித்த நோயாளி ‘டான்’ என்ற ஒரே ஓசையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் பாதிக்கப்பட்டாலோ நேர்மாறு. அவர் தங்குதடையில்லாமல் பேசுவார், ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் பொருள் இருக்காது. நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று இப்படி உளறினால் வயசாகிவிட்டது, குடித்திருக்கிறார், மனநிலை சரியில்லை என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். அதைவிடக் கொடுமை இல்லை.

பார்வையும் அப்படித்தான். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விட்டால் நோயாளி அதைப் பார்வைக் குறையாகவே உணர மாட்டார். கதவு நிலையில் இடித்துக்கொள்வார், தட்டில் ஒரு பக்கத்துச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிடுவார்.

“எனக்கு ஒன்றுமில்லை, என்னை விடு” என்று அவரே சொல்கிறாரே?

அதுவும் நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம். மூளையின் வலது பாதியில் தாக்கு வந்தவர்களில் பலருக்குத் தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கிவிட்டதாக உறுதியாகச் சொல்வார்கள். அந்தக் கையை எடுத்துக் காட்டினால் இது என் கையே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பிடிவாதமோ பயமோ அல்ல; தன் உடம்பின் அந்தப் பாதியைக் கவனிக்கும் மூளைப்பகுதியே அணைந்துபோயிருக்கிறது. வலியும் இருக்காது. அவர் சம்மதத்துக்காகக் காத்திருந்து நேரம் போனால் இழப்பு அவருக்குத்தான்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

அடைப்பு வகையைக் காரணத்தை வைத்து ஐந்தாகப் பிரிக்கும் முறை 1993 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது.

முதலாவது, கழுத்திலோ தலையிலோ உள்ள பெரிய குழாயில் கொழுப்புப் படிந்து அது உடைவது. அங்கே ரத்தம் உறைந்து உருவாகும் கட்டி மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, இதயத்தில் உருவாகும் கட்டி. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலை ஒன்று உண்டு. நாடி பிடித்துப் பார்த்தால் தாளமே இல்லாமல் தப்பித் தப்பி ஓடும். இது இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. இந்தக் கட்டிகள் பெரியவை; பெரிய குழாயை அடைத்து, ஒரே நேரத்தில் பேச்சு, கை, கால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோகும்.

மூன்றாவது, மூளையின் ஆழத்திலுள்ள மிக மெல்லிய குழாய்கள் பல ஆண்டு பிரஷராலும் சுகராலும் தடித்து மூடிக்கொள்வது. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான சின்ன இடம்தான் பாதிக்கப்படும். பேச்சின் பொருளோ நினைவோ கெடாமல் ஒரு பக்கம் முழுவதும் பலவீனமாகும், அல்லது ஒரு பக்கம் முழுவதும் மரத்துப்போகும். ‘சின்ன அட்டாக்தான்’ என்று ஆறுதல் சொல்வார்கள். ஆனால் இவை சத்தமில்லாமல் பலமுறை வந்து சேர்ந்தால் நடையும் ஞாபகமும் கெடும்.

நான்காவது, மற்ற குறிப்பிட்ட காரணங்கள். இளம் வயதினரிடம் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது இதில் முக்கியமானது. விபத்திலோ கழுத்தை வேகமாகத் திருகுவதிலோ இது நடக்கும். சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமலும் நடக்கும். ஒரு பக்கக் கழுத்துவலியோ தலைவலியோ முதலில் வந்து, சில மணி அல்லது சில நாள் கழித்துப் பக்கவாதம் வரும். ஐந்தாவது, எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாதது. இவர்கள் எண்ணிக்கை குறைவானது இல்லை. அவர்களுக்கு இதயத் துடிப்பை நீண்ட நாள் கண்காணிக்கும்போது சில சமயம் மேலே சொன்ன தாளம் தப்பும் துடிப்பு அகப்படும்.

மூளைக்குள் கசிவு ஏன் வருகிறது?

முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். மூளையின் ஆழத்தில், பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளைக்கும் மெல்லிய குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ஒருநாள் வெடிக்கின்றன. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்பக்கம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லி, சற்று நேரத்தில் நினைவிழந்தார். அளந்தபோது மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது, கீழ் அளவு 190. அன்றே இறந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவருக்கு அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்று கிடைக்கும் மாத்திரைகள் அன்றைய மருத்துவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கின்றன. தலை சுற்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி அவற்றை நிறுத்துபவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு வலிக்கிறது. பிரஷர் ஏறியிருப்பதை உடம்பு பெரும்பாலும் சொல்லவே சொல்லாது.

முதியவர்களுக்கு மூளையின் மேற்பரப்புக் குழாய்ச் சுவரில் ஒருவகைப் புரதம் படிந்து கசிவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அந்த மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். அதன் விளைவை முறிக்கும் சிகிச்சையை உடனே தொடங்க அது உதவும்.

இதுவரை வாழ்நாளில் வராத தலைவலி என்கிறார்களே, அது என்ன?

மூளையின் அடிப்பாகத்துக் குழாயில் பலவீனமான இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். அது வெடித்தால் சவ்வுக்கு அடியில் ரத்தம் பரவும். அந்தத் தலைவலி படிப்படியாகக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். யாரோ பின்மண்டையில் ஓங்கி அடித்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்களே உண்டு. வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், சிலருக்கு வலிப்பு அல்லது மயக்கம். கை கால் நன்றாகவே இருக்கலாம். வலி மாத்திரையில் வலி குறையவும் செய்யலாம். குறைந்தாலும் போயே ஆக வேண்டும், ஏனென்றால் வெடித்த இடம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். புடைப்பைக் கிளிப் போட்டோ, தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியாக உள்ளே போய் மெல்லிய கம்பிச்சுருள் வைத்தோ அடைக்கிறார்கள்.

சிரை அடைப்பு யாருக்கு வருகிறது?

இளம் பெண்களுக்கு அதிகம். குறிப்பாகக் கர்ப்ப காலத்திலும், பிரசவமான முதல் சில வாரங்களிலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, மங்கும் பார்வை, வலிப்பு என்று மெதுவாக வரும். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். சிரைகளைக் காட்டும் தனி ஸ்கேன் தேவைப்படும். ரத்தம் கசிந்திருந்தாலும்கூட இதற்கு முக்கிய சிகிச்சை ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?

அன்றே போக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி வந்து அடைத்து, தானாகக் கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கிறது. கையிலிருந்த பொருள் நழுவி விழும், சில நிமிடம் வார்த்தை தடுமாறும், ஒரு கண்ணில் திரை இறங்குவதுபோல் இருட்டிவிட்டு மறுபடி தெளியும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் கட்டி உருவான இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த பெரிய தாக்கு வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் உச்சத்தில் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி வந்துபோனவர்களுக்கும் லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கும் உடனுக்குடன் பரிசோதனையும் மருந்தும் தொடங்கியபோது, 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கினார்கள். வேறு எந்த நோயிலும் உடம்பு இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்லி, இவ்வளவு நல்ல வாய்ப்பும் தருவது அரிது.

வாய் மட்டும் கோணியிருக்கிறது. இதுவும் பக்கவாதமா?

முக நரம்பு வாதமாகவும் இருக்கலாம். அதில் முகத்தின் ஒரு பாதி முழுவதும் செயலிழக்கும்: அந்தப் பக்க நெற்றி சுருங்காது, கண் மூடாது. பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. இது தெரிந்துவைத்துக்கொள்ளத்தான், மூளைத்தண்டில் வரும் தாக்கு இந்த விதியை மீறும். முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும், வலிப்பு வந்து ஓய்ந்த பிறகும், ஒற்றைத் தலைவலியின் தொடக்கத்திலும் பக்கவாதம் போலவே தெரியலாம். வந்தவுடன் விரல் நுனியில் குத்திச் சுகர் பார்ப்பது அதனால்தான்.

போகும் வழியில் ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

கூடாது. நெஞ்சுவலிக்குச் சொன்ன அறிவுரை இங்கே செல்லாது. அடைப்பாக இருந்தால் ஆஸ்பிரின் உதவலாம். கசிவாக இருந்தால் கேடு. ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது. தண்ணீர், காபி, மாத்திரை எதுவுமே வாயில் வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். வீட்டிலேயே அவசரமாக பிரஷரை இறக்குவதும் தவறு. அடைப்பு இருக்கும்போது மிச்சமிருக்கும் வழிகளில் ரத்தம் போக அந்த அழுத்தம்தான் உதவிக்கொண்டிருக்கும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று சுற்றும் செய்தியில் உண்மை துளியும் இல்லை. நினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்?

அடைப்பைக் கரைக்கும் ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-இல் நிரூபித்தார்கள். 2008-இல் அது நாலரை மணி நேரம் ஆனது. இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1995 ஆய்வில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேருக்கு மூளையில் கசிவு வந்தது. அப்படியும், ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ மீண்டவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம். கையெழுத்துக் கேட்கும்போது குடும்பம் இதைத் தெரிந்து வைத்திருந்தால் யோசிக்கும் நேரம் குறையும்.

பெரிய குழாய் அடைத்திருந்தால், மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியையே இழுத்து எடுக்கும் முறை 2015-இல் வந்த ஆய்வுகளால் உறுதியானது. மூளையில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று 2018-இல் தெரியவந்தது. சரி, 24 மணி நேரம் இருக்கிறதே என்று தாமதிக்காதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் பலன் குறைந்துகொண்டேதான் போகும். சி.டி. ஸ்கேனும் இந்தச் சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரி உங்கள் பகுதியில் எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தது. என்ன நேரம் சொல்வது?

கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம். இரவு பதினொன்றுக்குப் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து தானாக நடந்துபோய் வந்தார் என்றால் மூன்று மணி. அந்தச் சின்னத் தகவல் சிகிச்சையையே மாற்றும். நேரமே தெரியாவிட்டாலும் எம்.ஆர்.ஐ. வைத்துத் தாக்கு புதியதா பழையதா என்று மதிப்பிட்டு ஊசி போடும் வழி இன்று இருக்கிறது.

சி.டி. நார்மல் என்றார்கள், ஆனாலும் பக்கவாதம் என்கிறார்களே?

முரண்பாடு இல்லை. சி.டி.யில் புது ரத்தம் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பின் பாதிப்பு தெரியச் சில மணி நேரம் ஆகலாம். முதல் ஸ்கேன் முக்கியமாகக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யத்தான். கசிவு இல்லை, அறிகுறி இருக்கிறது என்றால் ஊசிக்கான வழி திறந்துவிட்டது என்று பொருள். எம்.ஆர்.ஐ. அடைப்பை மிகச் சீக்கிரமே காட்டிவிடும்.

மறுபடி வராமல் இருக்க எல்லோருக்கும் ஒரே மருந்தா?

இல்லை, வகை தெரிய வேண்டிய அவசியம் இங்கேதான் முழுமையாக விளங்கும். கொழுப்புப் படிவால் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் வகை மருந்தும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும். லேசான தாக்கு என்றால் முதல் சில வாரம் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். தாக்கு வந்த பக்கத்துக்கு ரத்தம் தரும் கழுத்துக்குழாய் 70 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்ல பலன் தரும். இதயத்தின் தாளம் தப்பியதால் வந்தவருக்கு ஆஸ்பிரின் போதாது. உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும், அது ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். கசிவு வந்தவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் பிரஷர். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பக்கவாதம்தான், அவர் மாத்திரையையே வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் செய்துவிட வேண்டாம்.

விழுந்த கை திரும்ப வருமா?

முதல் மூன்று மாதத்தில் வேகமாக வரும், அதன்பிறகு மெதுவாக. ஆறு மாதத்தோடு எல்லாம் நின்றுவிடும் என்பது சரியில்லை. பேச்சும் கை வேலையும் ஆண்டுகள் கழித்தும் தேறுவதைப் பார்க்கிறோம். சின்னக் குழாய் அடைப்பில் பெரும்பாலும் நன்றாகத் தேறுவார்கள். கசிவில் முதல் நாட்கள் மிக ஆபத்தானவை, ஆனால் பிழைத்துக்கொண்டவர்களுக்கு ரத்தம் வற்ற வற்ற நல்ல முன்னேற்றம் தெரியலாம். கால் பொதுவாகக் கையைவிட முந்திக்கொள்ளும். பயிற்சியாளர் வரும் அரை மணி நேரத்தோடு விட்டுவிடாமல், சட்டைப் பொத்தான் போடுவது, டம்ளரைப் பிடிப்பது என்று நாள் முழுக்க அந்தக் கைக்கு வேலை கொடுங்கள். அவர் செய்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நேரமாகிறதே என்று நீங்களே போட்டுவிடாதீர்கள்.